ஏழு நிமிடக் கோழி

"சரி, காத்து எப்படி? வெர்னா, நீ ஆரம்பி."

காலை ஏழே கால். முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி. மருந்து அறை வாசலில் கவிழ்த்துப் போட்ட அழுக்குத்துணிக் கூடைமேல் மாடியின் பொறுப்பு நர்ஸ் டல்சி ஸ்னூக் ஏறி நிற்கிறார். உயரம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. கூடை இல்லாவிட்டால் கிளாரின் சட்டைப் பொத்தானோடுதான் பேச வேண்டியிருக்கும். பகல் ஷிப்ட்டுக்கு வந்த பராமரிப்பாளர்கள் நாங்கள் ஆறு பேர். டீக் கோப்பைகளோடு சுவரில் சாய்ந்து நிற்கிறோம்.

"வடகிழக்கு," என்கிறார் வெர்னா. "நாப்பது. அலை மூணு மீட்டர். யாரும் கிட்ட வராதீங்க."

"வந்தா?"

"கவுந்துருவீங்க."

"கிளார், ராசா, நீ?"

"மூடுபனி அக்கா. மூக்கு நுனி தெரியல. மத்தியானத்துக்கு மேல தெளியலாம்."

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். கடற்பறவைகள் கூரையில் சண்டை போடுகின்றன. எங்களில் ஒருவரும் வானத்தைப் பற்றிப் பேசவில்லை. பிட்டர்ன் கோவ் என்ற எங்கள் மீனவ ஊரில் மனிதர்கள் மனசு சரியில்லை என்று சொல்வதற்குப் பதிலாக நாக்கைக் கடித்துத் துப்பிவிடுவார்கள். ஆனால் புயல் வருகிறது என்று சொல்ல எங்கள் கரையில் யாருக்கும் வெட்கம் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர் டல்சி அக்கா. தலைமை அலுவலகம் அனுப்பிய 'ஒன்று முதல் ஐந்து வரை உங்கள் மனநிலைக்கு மதிப்பெண் இடுக' என்ற தாளில் எல்லாரும் தினமும் மூன்று என்று எழுதினார்கள். வெர்னா சிகரெட் விட்ட வாரத்தில்கூட மூன்றுதான். அந்தத் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு டல்சி அக்கா காற்றைக் கேட்க ஆரம்பித்தார்.

கேட்டதோடு விடமாட்டார். வடகிழக்கு நாற்பது என்றால், சாப்பாட்டுத் தட்டை வீசும் பழைய தலைமையாசிரியர் அன்று வெர்னாவுக்குக் கிடையாது. மூடுபனி என்றால் குளிப்பாட்டும் வேலை கிடையாது. டீ வண்டியும் நகம் வெட்டுவதும்தான். எல்லாம் பிரித்துக் கொடுத்த பிறகு வெர்னா அவரைத் திருப்பிக் கேட்பார்.

"நீ எப்படிடி?"

"நானா? கண்ணாடி மாதிரி கெடக்கு. ஒரு சுளிவு இல்ல."

நான்கு வருடமாக இதே பதில். கிளார் பதினேழு வருடம் நண்டுப் படகில் போனவர். அவரால் ஒருநாள் பொறுக்க முடியவில்லை. "அக்கா, நாலு வருஷம் ஒரு அலைகூட இல்லாத கடல் இந்தப் பூமியிலயே கெடையாது."

"அது உன் கடல், ராசா. என்னுது சூப்புக் கிண்ணம்." கூடையிலிருந்து குதித்து இறங்கிவிட்டார்.

டல்சி அக்காவுக்கு வயது ஐம்பத்துநான்கு. இரண்டு காலிலும் ஒரே நிறக் காலுறையை நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், "ஜோடி சேந்தா ஒண்ணு ஓடிப்போயிடுது" என்பார். நகைச்சுவை சொல்வதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். பாதி வாக்கியத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மீதியை நாங்களே ஊகிக்க வேண்டும். மாடியில் கெட்ட வார்த்தை கூடாது என்பது விதி. அதனால் கடல்பிராணிகளை வைத்துத் திட்டுவார். கணினி நின்றால் "மத்தி." லிஃப்ட் நின்றால் "நாறின நண்டே." 'அழுகின கணவாய்' மட்டும் தலைமை அலுவலகத்துக்கென்று தனியாக எடுத்து வைத்தது.

உட்கார்ந்து சாப்பிடமாட்டார். பொரித்த போலோனியா இறைச்சியை ரொட்டிக்கு நடுவே வைத்து ஒரு கடி கடிப்பார், மிச்சத்தை எங்காவது வைத்துவிட்டு ஓடுவார். எடைபார்க்கும் இயந்திரத்தின்மேல் அதைக் கண்டெடுத்திருக்கிறோம். ஒருமுறை ஒரு தாத்தாவின் வாக்கர் கூடையில் இருந்தது. அதற்குள் தாத்தா முக்கால்வாசியை முடித்திருந்தார்.

கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் மாடியின் போன். முப்பத்திரண்டு பேர் கட்டிலருகே அழுத்தும் மணிகள், சமையலறை, மருந்துக்கடை, வெளியூர் மகள்கள், கோபக்கார மகன்கள் எல்லாரும் அந்த ஒரு போனுக்குள்தான் வந்து சேர்வார்கள். காலையில் மாட்டினால் இரவு ஏழரைக்குத்தான் கழற்றுவார். கழிப்பறைக்குள்ளிருந்தும் "ரெண்டாம் மாடி, டல்சி!" என்று எதிரொலியோடு கேட்கும். ஒரு மகள், "தண்ணிச் சத்தம் கேக்குதே, கடற்கரையிலயா இருக்கீங்க?" என்று கேட்டாராம். "ஆமாம்மா, இன்னிக்கு அலை கொஞ்சம் ஜாஸ்தி" என்றாராம் இவர்.

அந்தப் போனுக்கு ஒரு கதை உண்டு. வெர்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். டல்சி அக்காவுக்கு முன்னால் மாடிக்குப் பொறுப்பாக இருந்தவர் கார்மல் என்ற நர்ஸ். அவரும் கெட்டிக்காரர், அவரும் ஒருநாளும் முடியவில்லை என்று சொன்னதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கழுத்திலிருந்த போனைக் கழற்றி டீ வண்டியில் சர்க்கரைக்கும் பால் டின்னுக்கும் நடுவே மெதுவாக வைத்தார். லிஃப்டில் இறங்கினார். காரை எடுத்தார். அவ்வளவுதான். சர்க்கரைப் பக்கத்தில் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அடுத்த ஊரில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார், சந்தோஷமாக இருக்கிறார் என்கிறார்கள். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி எங்களிடமே தங்கிவிட்டது. அதில் முடி சுருட்டும் உருளைகளைப் போட்டு வைத்திருக்கிறோம்.

அதனால்தான் "கண்ணாடி மாதிரி கெடக்கு" என்று டல்சி அக்கா சொல்லும்போதெல்லாம் எங்கள் கண் அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். அவர் போய்விட்டால் எங்களில் ஒருவரும் ஒரு வாரம் தாங்கமாட்டோம். நாங்கள் தாங்கமாட்டோம் என்பது அவருக்கும் தெரியும். அதுதான் எங்கள் பயமே.

எங்கள் மாடியில் நோயாளி என்று ஒருவரும் கிடையாது, எல்லாரும் தெரிந்தவர்கள். வெர்னாவின் கன்னத்தில் தட்டால் அடிக்கும் தலைமையாசிரியர், நாற்பது வருடத்துக்கு முன் அவருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். கிளார் மூன்று வருடம் குளிப்பாட்டிய முதியவர், கிளாரின் முதல் படகுக்குத் தலைவர். அவர் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். புதன்கிழமை காலை அதே கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். கிளார் வழக்கம்போல உள்ளே போய், "எழுந்திரிங்க தலைவரே" என்று சொல்லிவிட்டார்.

டல்சி அக்காவுக்கு வாய்த்தது எஃபி ஸ்னூக். அவருடைய மாமியார்.

முன்னாள் மாமியார் என்று சொல்வதுதான் சரி. மகன் ரோலண்ட் எண்ணெய் வயல் வேலைக்கு ஆல்பர்ட்டா போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஸ்னூக் என்ற பெயரை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை, அதனால் டல்சி அக்காவும் திருப்பிக் கொடுக்கவில்லை. எஃபியம்மாவுக்கு இப்போது நினைவு போய்விட்டது. தினமும் தலை வாரிவிடுகிற இந்தச் சின்ன நர்ஸ் யார் என்று தெரியாது. ஆனால் மருமகள்மேல் இருந்த கோபம் மட்டும் ஒரு நூல்கூடக் கலையாமல் அப்படியே இருக்கிறது.

"என் மகன் ஒருத்தியைக் கட்டினான், நர்ஸம்மா. டல்சின்னு பேரு."

"ஐயையோ. பேரே சரியில்லையே."

"அவ சுட்ட ரொட்டியை நாய்க்குப் போட்டேன். நாய் என்னைப் பாத்து, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்னு கேட்டுச்சு."

"நாய்க்கு இருக்கிற அறிவு உங்க மகனுக்கு இல்லையே எஃபியம்மா."

"உப்புமீனை ராத்திரியே ஊறப்போடணும்னு தெரியாதவ!"

"அடிப்பாவி! அவளையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டதே தப்பு. தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"என் மகனும் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்ல."

"அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க, காது குளிரட்டும்."

கதவுக்கு வெளியே நாங்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்போம். டல்சி அக்கா வெளியே வந்து அன்றைய குற்றப்பட்டியலை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். "இன்னிக்குப் புதுசு! என் கல்யாணத் தொப்பி பானை மூடி மாதிரி இருந்துச்சாம்!" எஃபியம்மாவை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டுமே என்று கிளார் கேட்டதற்கு, "எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கையும் பிடுங்காத" என்றார்.

இப்போது கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடைபாதையின் இடது கோடியில் துணி அறை இருக்கிறது. போர்வைகள், துண்டுகள், தலையணைகள். இந்த வேலையில் இருப்பவர்கள் அழுவதற்குப் போகும் இடம் எல்லா இல்லங்களிலும் அதுவாகத்தான் இருக்கும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, போர்வை எடுக்கப் போனேன் என்று பொய் சொல்லிக்கொண்டு வருவார்கள். டல்சி அக்கா அதைச் சட்டமாக்கினார். வாசலுக்கு வெளியே சுவர் அலமாரியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோழி. முட்டை வேகவைக்கும்போது திருகி வைக்கிற மணிக்கடிகாரம். கழுத்தை ஏழு நிமிடத்துக்குத் திருகிவிட்டு உள்ளே போகலாம். கதவில் 'இருப்புக் கணக்கெடுப்பு நடக்கிறது' என்ற அட்டை தொங்கும். நீங்கள் உள்ளே இருக்கும்வரை உங்கள் ஆட்களை டல்சி அக்கா பார்த்துக்கொள்வார். ஏன் என்று கேட்கமாட்டார். முகத்தைப் பார்த்தாலே போதும்: "போ கண்ணு, கோழியைத் திருகு."

கதவின் உட்புறத்தில், கையுறைப் பெட்டியின் அட்டையில், அவர் கையெழுத்தில் விதிகள் இருக்கின்றன. ஒருவர் மட்டும். ஏழு நிமிடம். குளியல் துண்டில் மூக்கைச் சிந்தக் கூடாது, சின்னத் துண்டு போதும். இரண்டாம் சுற்று கிடையாது. கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடுகள்.

ஏழு எதற்கு என்று கேட்டேன். "அஞ்சு குடுத்தேன், பாதி அழுகையில வெளிய வந்தாங்க. பத்து குடுத்தேன், கிளார் தூங்கிட்டான்."

உள்ளே எல்லாரும் அழுவதில்லை. வெர்னா தலையணைகளைக் குத்துவார். வெளியே 'தொப், தொப்' என்று கேட்கும். கிளார் சத்தமாக அழுவார், பிறகு போர்வைகளை அழகாக மடித்து வைத்துவிட்டு வருவார். நான் ஒருமுறை உள்ளே போய், அழுகை வராமல், ஏழு நிமிடமும் துண்டுகளை உண்மையாகவே எண்ணினேன். நூற்றுப்பதினெட்டு.

டல்சி அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. போனை யார் எடுப்பார்கள் என்பார்.

பிப்ரவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து மாரியன் வைஸ்மன் வந்தார். உயரமானவர், அமைதியானவர், கையில் கணினிப் பலகை. ஊழியர்களின் மனநலம் எப்படி இருக்கிறது என்று மூன்று நாள் மூலையில் நின்று குறித்துக்கொண்டு, மாடியின் ஒரு மாதப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. டல்சி அக்கா கூடைமேல் ஏறி நின்று வாசித்தார்.

"'பணியாளர்கள் நாள்தோறும் பதினொரு நிமிடங்கள் கடல் வானிலை குறித்து உரையாடுகின்றனர். இம்மாடியில் எவரும் படகு செலுத்துவதில்லை.'"

வெர்னாவின் டீ மூக்கு வழியாக வந்தது.

"இருங்க, இருங்க. 'துணி அறையில் ஒரே மாதத்தில் நாற்பத்தொரு முறை இருப்புக் கணக்கெடுப்பு நடந்துள்ளது. ஆயினும் கணக்கு ஏதும் கிடைக்கவில்லை.'"

கிளார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. துணி அறைக்குப் பூட்டு போடப்படும். சாவி கீழ்த்தளத்து அலுவலகத்தில் இருக்கும். தேவைப்படுவோர் கையெழுத்திட்டுப் பெறலாம். இதற்குப் பதிலாக, மன அழுத்தம் குறைய ஆளுக்கொரு ஊதாப் பந்து வழங்கப்படும்.

பந்துகள் மறுநாளே வந்துவிட்டன. கையில் வைத்துப் பிசைய வேண்டுமாம். தலைமையாசிரியர் ஒன்றைப் பழம் என்று நினைத்துக் கடித்து, பழுக்கவில்லை என்று புகார் சொன்னார். மீதியை வைத்துத் தாத்தாக்கள் நடைபாதையில் உருட்டி விளையாடினார்கள். அந்த வாரம் முழுக்க மாடியில் மன அழுத்தம் குறைந்தது உண்மைதான், தாத்தாக்களுக்கு.

"அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுடி," என்றார் வெர்னா.

"சொன்னா அதுக்கு ஒரு படிவம் வரும். அழறதுக்கு முன்னாடி கட்டம் கட்டமா நிரப்பணும். 'காரணம்: அ, ஆ, இ. பொருந்தாததை அடிக்கவும்.'"

ஆனால் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களுக்கு வாசித்தும் காட்டினார். 'ஐயா, நாற்பத்தொரு முறையும் சரியாகத்தான் எண்ணினோம். ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் துண்டு ஈரமாக இருந்தது.' நாங்கள் கைதட்டினோம். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அனுப்பவில்லை.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை. மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. சாலையை மூடிவிட்டார்கள். ஆறு பேரில் வெர்னாவும் கிளாரும் நானும்தான் வந்து சேர்ந்தோம், டல்சி அக்காவோடு நான்கு பேர். கிளார் கடைசி இருநூறு அடியைத் தவழ்ந்தே வந்தார். முந்தின நாளே ஊருக்கு வந்து தங்கியிருந்த வைஸ்மனும் வந்திருந்தார், கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பூட்டு. அதைப் பொருத்தும் ஆள் பனியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார்.

டல்சி அக்கா கூடைமேல் ஏறினார். வெர்னா, "கிழக்கு, அறுபது, கூரை போகலாம்" என்றார். கிளார், "படகு கவுந்தாச்சு அக்கா, மிதந்துட்டிருக்கேன்" என்றார். நான், தென்மேற்கு, மூட்டம் என்றேன்.

"அம்மா, உங்க காத்து எப்படி?"

வைஸ்மன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். "மழை. சாலை சாயங்காலம்தான் திறப்பாங்கன்னு வானொலியில சொன்னாங்க."

கிளார் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லது, அப்போ உங்களுக்கு அவசரம் இல்ல," என்றார் டல்சி அக்கா. "என்னுது வழக்கம்போல. கண்ணாடி."

நான்கு பேர், முப்பத்திரண்டு கட்டில். அன்று நாங்கள் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனோம். இருந்தாலும் ஒன்றும் கெடவில்லை. டல்சி அக்கா ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் கேட்டார். "நாறின நண்டே!" கிழக்கில். "ரெண்டாம் மாடி, டல்சி!" மேற்கில். வைஸ்மன் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை எஃபியம்மாவுக்குத் தலை சுருட்டும் நாள். பத்தே முக்காலுக்கு டல்சி அக்கா கார்மலின் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பதினொரு மணிக்கு வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார், ஏற்கெனவே சிரிப்பு. நாங்கள் டீ வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம்.

"கேளுங்க... கேளுங்க..."

"சொல்லித் தொலைடி."

"அந்தக் கெழவி... என் கையைப் பிடிச்சுக்கிட்டு..." மூச்சு வாங்கினார். "'நர்ஸம்மா, நீ எவ்வளவு நல்ல பொண்ணு. என் மகன் உன்னைக் கட்டியிருக்கணும்'கிறா!"

வெடித்துச் சிரித்தோம். கிளார் டீ வண்டியைத் தட்டினார். வெர்னா, "சீதனம் எவ்வளவுன்னு கேட்டியா?" என்றார். டல்சி அக்கா இரண்டாக மடிந்து சிரித்தார். நாங்கள் நிறுத்தினோம். அவர் நிறுத்தவில்லை.

"'அந்த டல்சி இருந்த எடத்துல... நீ இருந்திருந்தா...'" சிரித்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது. "'நான் அவனைப் போகவே விட்டிருக்கமாட்டேன்'கிறா." இன்னும் சிரித்தார். தோள்கள் மட்டும் குலுங்கின, சத்தம் வரவில்லை.

பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்ற ஆரம்பித்தார். அது ஒரு காதில் மாட்டியது. பொறுமையாக எடுத்துவிட்டார். போனை டீ வண்டியில், சர்க்கரைக்கும் பால் டின்னுக்கும் நடுவே வைத்தார்.

மணி பதினொன்று பத்து.

"டல்சி," என்றார் வெர்னா. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

டல்சி அக்கா நடைபாதையின் நடுவே நின்றார். ஒரு காலில் பச்சைக் காலுறை, ஒரு காலில் கோடு போட்டது. வலது கோடியில் லிஃப்ட். இடது கோடியில் துணி அறை. லிஃப்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுகூடத் திறந்தது, உள்ளே யாரும் இல்லாமல், வாங்க என்று கூப்பிடுவது போல. அவர் அதைப் பார்த்தார். அது மூடிக்கொண்டது.

இடது பக்கம் திரும்பினார். நடந்து போனார். அட்டையை நேராகத் தொங்கவிட்டார். கோழியின் கழுத்தைத் திருகினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கோழி டிக் டிக் என்றது. போன் அடித்தது. நாங்கள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தோம். இரண்டாவது மணி. மூன்றாவது மணி.

வெர்னா பாய்ந்து எடுத்தார். "ரெண்டாம் மாடி, டல்... வெர்னா! என்ன வேணும்? சமையலறையா? சூப்பு ஆறிப்போச்சுன்னா சூடு பண்ணுங்க, அதுக்கு எதுக்கு எங்களைக் கேக்கறீங்க!" வைத்தார். கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "கிளார், கிழக்கு. நீ மேற்கு. ஓடு!"

ஓடினோம். தலைமையாசிரியர் தட்டை வீசினார், கிளார் அதைக் காற்றிலேயே பிடித்தார். ஒரு தாத்தா காலுறையைக் கழற்றிச் சூப்பில் போட்டுவிட்டார். நாங்கள் ஆளுக்கொரு அறையிலிருந்து தலையை நீட்டி, கோழியில் இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று பார்த்துக்கொண்டே வேலை செய்தோம். ஐந்து. நாலரை.

வைஸ்மன் பெட்டியோடு துணி அறை வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

"உள்ள கணக்கெடுப்பு நடக்குதும்மா," என்றார் வெர்னா.

"நானும் பாக்கலாமா?"

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எண்ணலாம்."

வைஸ்மன் வாய் திறந்தார். அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் சிரிப்பு போலத்தான் இருந்தது. பிறகு சிரிப்பாக இல்லை. சின்ன உடம்பிலிருந்து வரும் சத்தமாகவே இல்லை. நான்கு வருடத்துக் கடல் ஒரே வாசல் வழியாக வெளியே வருவது போல இருந்தது.

வைஸ்மன் கோழியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து பெட்டியைத் தரையில் வைத்தார்.

"எவ்வளவு நேரம் எண்ணுவீங்க?"

"ஏழு நிமிஷம்."

"நாப்பத்தொரு தடவையும்?"

"நாப்பத்தொரு தடவையும்."

எஃபியம்மாவின் அறைக்கு மேல் விளக்கு மினுக்கியது. எங்களில் யாருக்கும் கை ஒழியவில்லை. "அந்த விளக்கு?" என்றார் வைஸ்மன்.

"டீ. ரெண்டு சர்க்கரை, டின் பால். சூடா இருந்தா திட்டுவாங்க, ஆறியிருந்தாலும் திட்டுவாங்க."

தலைமை அலுவலகத்து அதிகாரி டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை எங்கள் மாடி அன்றுதான் பார்த்தது. ஒரு சக்கரம் கீச்சிட்டது. பாதித் தலையில் இளஞ்சிவப்பு உருளைகளும் பாதித் தலையில் வெறும் முடியுமாக எஃபியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார். பிறகு குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"இது என்ன டீயா? யார் போட்டது? என் மருமக டல்சிதான போட்டா!"

"மன்னிச்சுக்கங்க அம்மா," என்றார் வைஸ்மன்.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? அவளைக் கேக்கச் சொல்லு. தலையைச் சுருட்டிட்டிருந்த நர்ஸம்மா எங்க? அவளை வரச்சொல்லு. அவதான் எனக்கு வேணும்."

கதவுக்குள் சத்தம் ஒரு கணம் நின்றது. மறுபடி தொடங்கியது. ஆனால் இப்போது நடுநடுவே உண்மையான சிரிப்பும் இருந்தது, விக்கல் மாதிரி.

ஒரு நிமிடம். அரை நிமிடம். நாங்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து சேர்ந்தோம். கிளார் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சின்னத் துண்டை இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். வெர்னாவின் கழுத்தில் போன் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது அடிக்கவில்லை. வைஸ்மன் காலிக் கோப்பையோடு பின்னால் நின்றார். பூட்டுப் பெட்டி தரையில் கிடந்தது. வாக்கரோடு வந்த ஒரு தாத்தா, வேறு இடமில்லாமல், அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

கோழி கிர்ரென்று அடித்தது.

கதவு அரை அடி திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்தது. சுண்டுவிரலில் இளஞ்சிவப்பு உருளை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. கை அலமாரியைத் தடவிக் கோழியைக் கண்டுபிடித்து, அதன் கழுத்தை மறுபடியும் ஏழுக்குத் திருகி வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.